முதல் நாள் நாலு, கடைசி வாரம் தொண்ணூற்றாறு

வகுப்பின் சராசரி மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்று பார்த்ததும் பாறையியல் பேராசிரியர் வெண்டல் ஓகர்லண்ட் இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார். செமஸ்டரின் முதல் நாள் இதே தேர்வில் இதே மாணவர்கள் எடுத்தது நாலு. கிரானைட் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பாதிப் பேர் 'கடையிலிருந்து' என்று எழுதியிருந்தார்கள்.

நெப்ராஸ்காவின் அந்தச் சின்னக் கல்லூரியில் இந்த வருஷம் புது ஏற்பாடு. எல்லாப் பாடத்துக்கும் முதல் நாள் ஒரு தேர்வு, கடைசி வாரம் அதே தேர்வு. மாணவர்கள் முன்னேறாத பாடத்தை மூடிவிடுவார்கள். "பாடத்தை மேம்படுத்தத்தான் இதெல்லாம்" என்று டீன் லொரெய்ன் சிரித்தபடி சொன்னபோதே ஓகர்லண்டுக்குச் சந்தேகம் தட்டியது. அந்த அம்மாள் சும்மா சிரிக்கிற ஆள் இல்லை. மக்காச்சோளம் விளைகிற ஊரில் பாறையியல் எதற்கு என்று மேலிடம் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பயத்தில் மனுஷன் முதல் நாள் தேர்வுத்தாளைக் கொடுக்கும்போதே, "நீங்க முன்னேறலைன்னா என் கோர்ஸுக்கு மங்களம்தான்" என்று மாணவர்களிடம் புலம்பியும் விட்டார்.

இப்போது முன்னேற்றம் அளவுக்கு மீறிப் போய்விட்டது. டீன் கூப்பிட்டார்.

"நாலுலேர்ந்து தொண்ணூத்தாறா? கேள்வித்தாள் வெளியே போயிருக்கு, வெண்டல்."

"என் அலமாரியிலதான் இருந்தது. சாவி என் கழுத்துலயே கிடக்கு."

"அப்ப அந்தக் கழுத்தைத்தான் சந்தேகப்படணும்."

ஓகர்லண்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வேற கேள்வி நீங்களே எடுங்க. நீங்களே நடத்துங்க."

நடத்தினார். சராசரி தொண்ணூற்றொன்பது. தன் பாடத்தின் மகிமையை எண்ணி ஓகர்லண்டின் பாதி மனசு குதித்தது. மீதி, வேலையை நினைத்து நடுங்கியது.

"என் ரூம் பூட்டையும் மாத்தணும் போலிருக்கே" என்றார் டீன்.

"என்னைத் திருடங்கறீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலை. நாளைக்கு மூணாவது தேர்வு. வெளியூர் ஆள் கேள்வி எடுக்கறார். இதே மார்க் வந்தா விசாரணைதான். கோர்ஸ் மட்டுமில்ல, நீங்களும் இருக்க மாட்டீங்க."

ஓகர்லண்ட் நேரே வகுப்புக்குப் போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னல் திரையையும் இறக்கினார். தினமும் தனக்குக் காபி வாங்கி வரும் டெஸ்ஸா என்ற பெண்ணைக்கூட ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு நாள் இந்தக் காபி எதற்கு?

"உண்மையைச் சொல்லுங்க. கேள்வித்தாளை யார் குடுத்தாங்க?"

"யாரும் குடுக்கலை, ப்ரொஃபசர்" என்றது பின்வரிசை.

"டீன் ரூமுக்குள்ள யார் போனீங்க?"

"யாரும் போகலை" என்றது அதே பின்வரிசை. ஓகர்லண்ட் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இந்தப் பாடத்தை விட்டால் அவருக்கு வேறு எதுவுமே தெரியாது.

"சரி, விடுங்க. நான் நடத்தினது உங்களுக்கு அவ்வளவு நல்லாப் புரிஞ்சிருக்கு. அது என் தப்புதான். ஆனா நாளைக்கு ஒரு உதவி பண்ணுங்க. ஆளுக்குப் பத்துக் கேள்வியாவது வேணும்னே தப்பா எழுதுங்க. எனக்காக."

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டெஸ்ஸா பெருமூச்சு விட்டாள்.

"மறுபடியுமா, ப்ரொஃபசர்? உங்க கோர்ஸைக் காப்பாத்தணும்னு முதல் நாள் அத்தனையும் தப்பா எழுதினதே பெரும்பாடாப் போச்சு. இதெல்லாம் நாங்க எட்டாம் கிளாஸ்லயே படிச்சது."