சீதன அண்டாவும் பேஸ் கிதாரும்

முருகம்மாள் இட்லிக் கொப்பரையைத் திறந்தாள். உள்ளே இட்லி இல்லை. நான்கு கம்பிகள் வெந்துகொண்டிருந்தன.

"ஏங்க! என்னதுங்க இது?"

"மூடு, மூடு! இன்னும் கொஞ்சம் வேகட்டும்" என்று ஓடிவந்தான் காளிராஜ். "பழைய கம்பிய வேக வச்சா புதுக்கம்பி மாதிரி சத்தம் வருமாம். மதுரையில பெரிய ஆளுங்கல்லாம் இப்படித்தான் செய்தாங்களாம்."

"அப்ப மதுரைக்கே போயி இட்லி தின்னுக்கோங்க."

காளிராஜுக்குப் பகலில் விசைத்தறிக் கூடத்தில் வேலை. மாலையானால் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார். நான்கே நான்கு தடித்த கம்பி. பாட்டுக்கு அடியில் 'தும் தும்' என்று போகிற வாத்தியம். அப்படித்தான் போகிறது என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். குழுத் தலைவர் சங்கரபாண்டியன் முந்தின நாள் அந்த நம்பிக்கையில் மண்ணை அள்ளிப் போட்டிருந்தார்.

"வே காளிராஜ், நீரும் இத்தனை வருஷமா மேடையில நிக்கீரு. ஒரு கல்யாணத்துலயாவது உம்ம சத்தம் எங் காதுல விழுந்திருக்கா? நாளன்னைக்கு ஆடித்தபசுத் திருவிழாக் கச்சேரி. அதுலயும் கேக்கலன்னா, ராஜபாளையத்துல ஒரு பையன் இருக்கான். அவனைக் கூப்பிட்டுருவேன்."

அன்று இரவு காளிராஜுக்குச் சோறு இறங்கவில்லை. தறிச் சத்தத்தில் செத்துப்போகிற காதுக்கு அந்தக் கிதார்தான் உயிர். அதை விட்டால் அவனுக்கு வேறொன்றும் இல்லை. புது ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம் என்றால் தறிக்கூடத்தையே விற்க வேண்டும், அதுவும் முதலாளியுடையது.

வெந்த கம்பிகளைத் துடைத்து மாட்டி மீட்டினான்.

"எப்படிட்டி இருக்கு? கணீர்னு இல்ல?"

"கிட்ட வந்து வாசிங்க, கேட்டுச் சொல்லுதேன்."

சுருதி இறங்கிப்போனது காளிராஜுக்கு. ஆனால் அடுத்த யோசனை அதற்குள் வந்துவிட்டது. வீட்டு ரேடியோவின் முதுகில், இசைத்தட்டுப் பெட்டியைச் சொருக ஒரு துளை உண்டு. அதில் கிதார் வயரைச் சொருகினான். குமிழைத் திருகினான்.

'தும்!'

"வருது! ஏட்டி, வருது!"

"வருது, வருது. சளி பிடிச்சவன் இருமுத மாதிரி வருது."

அவள் சொன்னதும் சரிதான். சின்னப் பெட்டிக்குள் அவ்வளவு பெரிய சத்தம் எங்கே நிற்கும்? காளிராஜ் ரேடியோவைப் பிரித்து, வயரை நீட்டி, ஸ்பீக்கரை மட்டும் வெளியே எடுத்தான். குடத்துக்குள் வைத்துப் பார்த்தான். சருவச்சட்டிக்குள் வைத்தான். பிறகு அவன் கண், அடுப்படி மூலையில் நின்ற பித்தளை அண்டா மேல் விழுந்தது.

"அதைத் தொட்டீகன்னா தெரியும்! எங்க அப்பா வாசுதேவநல்லூர்ல இருந்து வண்டி கட்டிக் கொண்டாந்த சீதன அண்டா."

"ஒரே ஒரு தடவைட்டி."

ஸ்பீக்கர் அண்டாவுக்குள் இறங்கியது. காளிராஜ் ஒரு கம்பியைத் தட்டினான். அலமாரியில் இருந்த தம்ளர்கள் எல்லாம் சேர்ந்து நடுங்கின.

"ஆத்தாடி! நெஞ்சுக்குள்ளல்லா இடிக்கி!" முருகம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவை அடிங்க!"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. அண்டாவைப் புளி போட்டு விளக்கினாள். தூசி விழாமல் வாயில் வெள்ளை வேட்டியைக் கட்டினாள். கழுத்தில் ஒரு மாலையும் போட்டாள்.

மறுநாள் சாயங்காலம், ரத வீதியில் எள் போட்டால் விழாத கூட்டம். மேடையை ஒட்டிக் கீழே அண்டாவும், பக்கத்து ஸ்டூலில் ரேடியோவும் உட்கார்ந்தன. மைக்செட் வேல்சாமி வழக்கம்போலத் தன் பெட்டியிலிருந்து வயரை நீட்டினான்.

"உன் பெட்டி இன்னைக்கு வேண்டாம்ப்பா. என் சத்தம் தனியா வருது" என்றான் காளிராஜ்.

வேல்சாமிக்கு முகம் வெளிறியது. "அண்ணாச்சி, யோசிச்சுச் செய்யுங்க" என்றான்.

முதல் பாட்டு. 'தும்! தும்! தும்!' முன்வரிசையில் குழந்தைகள் எழுந்து ஆடின. சங்கரபாண்டியன் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். காளிராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டாம் பாட்டில் அண்டாவுக்கு முன்னால் ஒரு வரிசை முளைத்தது. ஒருவர் கையில் சொம்பு, ஒருவர் கையில் தூக்குவாளி. தபசு நேரத்தில், மாலை போட்டு வேட்டி கட்டிய அண்டாவுக்குச் சங்கரன்கோவிலில் ஒரே அர்த்தம்தான்: வெல்லம் கரைத்த பானக்காரம் ஊற்றுகிறார்கள்.

"தம்பி, வாசிச்சது போதும். மொண்டு ஊத்து" என்றார் ஒருவர்.

காளிராஜுக்கு இரண்டு கையும் கிதாரில். தலையை மட்டும் 'இல்லை, இல்லை' என்று ஆட்டினான். தாளத்துக்கு ஆட்டுகிறான் என்று நினைத்தார்கள்.

வரிசையில் நின்ற பிச்சம்மாளுக்குப் பொறுமை போயிற்று. வேட்டியை விலக்கிச் சொம்பை உள்ளே விட்டாள். சொம்பு வயரில் மாட்டியது. அவள் இழுத்தாள். ரேடியோ ஸ்டூலிலிருந்து சரிந்தது. விழுந்த வேகத்தில் அதன் குமிழ் திரும்பி, வானொலி நிலையத்தைப் பிடித்துக்கொண்டது.

மேடையில் பாடகர், காதலிக்கு என்ன வேண்டும் என்று உருகி உருகிக் கேட்டு நிறுத்தினார்.

"ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா" என்றது அண்டா.

ரத வீதியே உருண்டு சிரித்தது. "இன்னொரு தடவை!" என்று விசில் பறந்தது. பாடகர் மைக்கை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

"நீரும் இறங்கும் வே" என்றார் சங்கரபாண்டியன். "அடுத்த கச்சேரிக்கு ராஜபாளையத்துப் பையன் வாரான்."

காளிராஜ் மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். அழுகையை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"விடுங்க, மொதப் பாட்டுல என்னமா கேட்டுச்சு!" என்று அவன் முதுகைத் தடவினாள் முருகம்மாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வேல்சாமி ஒரு சோடாவை உடைத்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினான்.

"உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி இந்த வம்பு? பக்கத்துல நிக்கவரு கிதார்ல ஆறு கம்பி இருக்கு, உங்களுதுல ரெண்டு அறுந்துபோயி நாலுதான் கிடக்கு. சபையில உங்க மானம் போயிரக் கூடாதேன்னு இத்தனை வருஷமா நான்தான் உங்க சத்தத்தை மட்டும் சுத்தமா அடைச்சு வச்சிருந்தேன்!"