ஜினிக்க பாட்டுப்பெட்டி

பசை பாட்டுப்பெட்டியின் ஹெட்போன் துளைக்குள் போகவில்லை. நேசையனின் கட்டைவிரலுக்குத்தான் போனது. இப்போது விரலும் பெட்டியும் ஒரே உடம்பு. இழுத்தால் தோல் வருகிறது. வாசலில் மனைவி லீலாபாயின் செருப்புச் சத்தம்.

"ஜினிக்க அப்பா, கைய என்னத்துக்கு முதுகுக்குப் பொறத்தால வச்சிருக்கீங்க?"

"முதுகு சொறியுது."

"காட்டுங்க."

காட்டினார். உள்ளங்கை அளவு எம்பி3 பிளேயர். மகள் ஜினியுடையது. சர்ச்சில் பாட்டுப் பழகும்போது தன் குரலை அதில் பதிந்து வைத்திருந்தாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. அடக்கம் முடிந்து வந்த கையோடு நேசையன் சட்டம் போட்டார்: இந்த வீட்டில் இனிப் பாட்டே கேட்கக்கூடாது. குடும்ப ஜெபத்துக்கும் பாட்டில்லை. வசனம், ஆமென், சோறு. லீலாபாய் எதிர்த்துப் பேசவில்லை.

சட்டம் போட்டவர்தான், அவள் மாதர் சங்கத்துக்குப் போகும்போதெல்லாம் ஹெட்போன் மாட்டிக் கேட்டார். இன்று எடுத்தால் ஹெட்போன் பின்னின் நுனி ஒடிந்து துளைக்குள்ளேயே கிடக்கிறது. பாட்டு ஓடுகிறது, சத்தம் இல்லை. பிள்ளையை மறுபடியும் குழிக்குள் இறக்கினது போலிருந்தது அவருக்கு. உதியன்குளங்கரைக் கடைத்தெருவுக்கு ஓடினார். சூப்பர் குளூ வாங்கினார். ஈர்க்கிலில் தொட்டு ஒடிந்த நுனியை ஒட்டி இழுக்கப் பார்த்தார். ஒட்டியது விரல்.

"எட்டி லீலாபாய், தூசி தட்டினேனாக்கும்."

"தூசிக்குப் பசையா?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"போன பிள்ளைக்க பெட்டியில எப்பவும் சார்ஜ் நிறைய இருக்கு. அவளா வந்து ஏத்துறா?"

அவர் விரலை இழுத்துப் பார்த்தார். தோல்தான் வந்தது.

"அந்த நுனிய நானாக்கும் ஒடிச்சு வச்சேன். ஆரு வந்து துடிக்கான்னு பாக்கணும்லா."

"எட்டி பாவி! நான் செத்துல்லா போனேன்!"

"நான் இத்தன மாசமா சாகல்லியா?"

காலியான பேனா ரீஃபிலை எடுத்து வந்தாள். அதன் குழாயைத் துளைக்குள் விட்டு, நுனியின் மேல் இறுக்கி, மெல்ல இழுத்தாள். வந்துவிட்டது. ஹெட்போன் மாட்டியிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த பெட்டி ஸ்பீக்கருக்கு மாறியது. ஜினி வீடு முழுக்கப் பாடினாள். நடுவில் இருமினாள். சிரித்தாள். திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள்.

லீலாபாய் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"சட்டம் நீங்க போட்டது. வேண்டாம்னா மத்த கையால அமுக்கி நிறுத்துங்க."

மற்ற கை சும்மாதான் இருந்தது. நேசையன் அமுக்கவில்லை.