மஞ்சக்கால் மேஸ்திரியும் மூன்று ஜோடி பூட்ஸும்

பாகூர் ஏரிக்கரையில் மழைக்காலம் முழுக்கக் கால் நனையாமல் வேலை செய்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவருக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் வரப்போவதில்லை. ஐப்பசி அடைமழையில் தவளையே அலுத்துப்போய்க் கரையேறி உட்கார்ந்திருக்கும் ஊர் அது. அங்கே அவர் தன் இரண்டு கால்களையும் ஜமீன் வீட்டு ஒற்றைப் பிள்ளையைப் போலப் பொத்திப் பொத்தி வளர்த்தார். அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. மஞ்சக்கால் மேஸ்திரி என்றால் தவளக்குப்பம் முதல் கரையாம்புத்தூர் வரை தெரியும்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். நான் கடலூரில் உப்பு மூட்டை தூக்கி, தோளில் தோல் உரிந்து, அங்கிருந்த கங்காணியோடு வாய்த்தகராறாகி, நடந்தே பாகூர் வந்து சேர்ந்தேன். சாவடியில் மூன்று நாள் படுத்திருந்தேன். அதில் இரண்டு நாள் சாப்பிட்டேன். வாய்க்கால் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, ஏரிக்கரைக்குப் போனேன். வேப்பமரத்தடியில் ஒரு பெரிய மீசை உட்கார்ந்திருந்தது.

"கால காட்டு" என்றார்.

"வேலைக்கு வந்தேங்க."

"தெரியுது. அதான் கால காட்டுன்றேன்."

நீட்டினேன். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார். "இடுக்குல புண்ணு இல்ல. எந்த ஊருடா நீ?"

"ஊருன்னு ஒண்ணும் இல்லீங்க."

"ரொம்ப நல்லது. ஊரு இருக்கறவன் தீவாளிக்கு ஓடிப் போறான்."

அவ்வளவுதான், சேர்ந்துவிட்டேன். என்னோடு பதினொரு பேர்.

அவர் காலைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். இருபது வருஷம் சேற்றிலும் தண்ணீரிலும் நின்றதில் சேற்றுப்புண் வந்து, ஆறாமல் அழுகி, வலது காலில் இரண்டு விரல்களைப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். இன்னொரு மழைக்காலம் இந்தக் கால் ஈரத்தில் ஊறினால் கணுக்காலோடு போய்விடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கால் போனால் மேஸ்திரி வேலையும் போகும். கரைமேல் குடை பிடித்துக்கொண்டு நின்று வேலை வாங்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. ஏரிக்கரையில் நண்டு வளை போடும். விரல் நுழையும் ஓட்டை விடிவதற்குள் ஆள் நுழையும் ஓட்டையாகி, அப்புறம் கரையே போய்விடும். அந்த வளையை மேலே நின்று கண்ணால் பார்க்க முடியாது. கரையோரத் தண்ணீரில் இறங்கி, வெறுங்காலால் அடி அடியாகத் தடவிக்கொண்டே போக வேண்டும். எங்கே தண்ணீர் காலை மெல்ல இழுக்கிறதோ அங்கே வளை. அந்த இழுப்பைக் கண்டுபிடிப்பதில் அவர் காலுக்கு ஈடு, பிரெஞ்சுக்காரன் கொம்யூன் என்று வகுத்துவைத்த வட்டாரம் முழுக்கக் கிடையாது. அந்தக் காலைத்தான் தண்ணீரில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எதையாவது போட்டுக்கொண்டு இறங்கினாலும் தன் காலுக்கு இழுப்பு தெரியாமலா போகும் என்று அவர் நினைத்தார்.

ஆகவே பூட்ஸ்.

முதலில் தோல் பூட்ஸ் ஒரு ஜோடி, பட்டாளத்துக்காரன் ஒருவன் போட்டுக் கழித்தது. அதைப் புங்க எண்ணெயில் இருபது நாள் ஊறப் போட்டார். தண்ணீர் இறங்கியதோ இல்லையோ, வாசனை ஊரெல்லாம் இறங்கியது. அவர் முன்னால் நடக்க, ஏழெட்டு நாய்கள் மரியாதையாகப் பின்னால் நடந்தன. முதல் தூறலில் பூட்ஸ் ஊறிப் பெருத்தது, மறுநாள் வெயிலில் கருவாடாகச் சுருங்கியது. காலை வெளியே எடுக்க இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு பேரில் நான் ஒருவன்.

அப்போதுதான் வில்லியனூர் கடைத்தெருவில் காசிம் பாய் கடையில் கப்பலில் வந்த ரப்பர் பூட்ஸ் இருப்பதாகச் சேதி வந்தது. குடை, அரிக்கேன் விளக்கு, கயிறு, பூட்டு என்று சகலமும் விற்பவர் பாய். மேஸ்திரி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாக நான்கைந்து ஜோடிகள் சுவரோரம் நின்றன, ஆள் இல்லாமல் காலுக்கு மட்டும் பந்தி போட்டதுபோல.

மேஸ்திரி ஒன்றை எடுத்து முகர்ந்தார். கணுக்கால் இடத்தில் மடக்கி, வெள்ளைக் கோடு விழுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் ஒட்டிய இடத்தை நகத்தால் நெம்பினார். பிறகு கடைப் பையனிடம் தண்ணீர் கேட்டு வாங்கி, குடிக்கப் போகிறார் என்று பாய் நினைத்துக்கொண்டிருக்கும்போதே செம்போடு பூட்ஸுக்குள் ஊற்றினார். அரை மணி நேரம் அதைத் தொங்கவிட்டு அடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு சொட்டு வரவில்லை.

"திருப்தியா மேஸ்திரி?" என்றார் பாய்.

"உள்ள ஊத்துனது வெளிய வரல. சரி. வெளிய இருக்கறது உள்ள வராதுன்னு இன்னா நிச்சயம்?"

பாயின் இருபது வருஷ வியாபாரத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "ஒரு நாள் போட்டுப் பாருங்க. ஒழுவுனா திருப்பி எடுத்துக்கறேன்" என்றார். பாவம், நல்ல மனிதர்.

மேஸ்திரியின் பரீட்சை இதுதான். காலில் வெள்ளைத் துணியை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் மஞ்சள்தூளையும் காய்ந்த சுண்ணாம்புத் தூளையும் கலந்து தூவுவார். அதற்குமேல் பூட்ஸ். துளி ஈரம் பட்டாலும் மஞ்சள் சிவந்துவிடும். ஆரத்தித் தட்டு பார்த்த யாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அதைக் காலுக்குச் செய்ய வேண்டும் என்று தோன்றியது அவர் ஒருவருக்குத்தான்.

அப்படியே தூவிக்கொண்டு வில்லியனூரிலிருந்து பாகூருக்கு நடந்தோம். நம் பக்கத்து எல்லை நேராக இருக்காது. நடுவில் இங்கிலீஷ்காரன் ஊர் ஒன்று வரும், மறுபடி பிரெஞ்சுக்காரன் ஊர் வரும். நடுவிலிருந்த சுங்கச் சாவடியில் ஒரு சேவகர் நிறுத்தினார். கொளுத்துகிற வெயிலில் முழங்கால்வரை ரப்பர் போட்டு நடப்பவனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

"கழட்டுய்யா. உள்ள இன்னா?"

"கால்."

சேவகர் கையை விட்டுத் துழாவினார். மேல்விளிம்பில் ஈரம் படாமல் இருந்த தூள் ஒட்டி விரலெல்லாம் மஞ்சள். முகம் மாறி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இன்னாய்யா இது மஞ்சத் தூளு?"

"மஞ்சத்தூளு."

"கால்ல எதுக்கு?"

"ஒழுவுதான்னு பாக்க."

"மழையே இல்லியே."

"அதனாலதான் இப்ப பாக்கறேன். மழையில பாத்து இன்னா பிரயோசனம்?"

எங்களைப் போகச் சொல்லிவிட்டார். வெகுதூரம் வந்து திரும்பிப் பார்த்தபோதும் அவர் தன் விரல்களைப் பார்த்தபடியே நின்றார்.

பாகூர் வந்ததும் வாய்க்காலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் பூட்ஸைக் கழற்றினார். துணி ரத்தச் சிவப்பு. முகம் தொங்கிப் போயிற்று. மறுநாள் பாயிடம் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது ஜோடி வந்தது. அதுவும் சிவப்பு. மூன்றாவது ஜோடியும் சிவப்பு. புரட்டாசி பாதி முடிந்து மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்தது. மேஸ்திரி சாப்பாட்டைக் குறைத்தார். இரவில் எழுந்து உட்கார்ந்து காலைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார் என்று அவர் சம்சாரம் எங்களிடம் சொல்லியது.

மூன்றாம் முறை திருப்பிக் கொடுக்கப் போனபோது பாய்க்குப் பொறுமை போய்விட்டது. "உக்காருங்க" என்றார். தூவச் சொன்னார், பூட்ஸைப் போடச் சொன்னார், கடை வாசலில் வெயிலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார வைத்தார். "ஒரு மணி நேரம். எழுந்திரிக்கக் கூடாது. பக்கத்துல தண்ணி செம்பு கூட வராது. எல்லாரும் பாத்துக்குங்க." கடைத்தெருவே கூடிவிட்டது. வண்டிக்காரன் ஒருவன் மாட்டை அவிழ்த்துவிட்டு நிதானமாக வந்து உட்கார்ந்தான்.

ஒரு மணி நேரம் கழித்துக் கழற்றினார்கள். துணி சிவப்பு.

"இப்ப எந்த ஏரி உள்ள பூந்துச்சு, சொல்லுங்க மேஸ்திரி" என்றார் பாய்.

கூட்டம் சிரித்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. துணியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "வேர்வ" என்றார். "அப்ப தண்ணிய வெளிய நிறுத்துனாலும் கால் உள்ளயே ஊறும். டாக்டர் ஈரமே ஆவாதுன்னாரே பாய்."

அதைக் கேட்டுப் பாயின் சிரிப்பும் நின்றுவிட்டது. விற்ற சரக்கில் குற்றம் இல்லை என்று நிரூபித்துவிட்டார். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவரின் கால் அப்படியேதான் இருந்தது. உள்ளே போய், சுவரோரம் நின்றதிலேயே பெரிய ஜோடியைக் கொண்டுவந்தார். "இது உங்க காலுக்கு ரெண்டு அளவு பெருசு. காடாத் துணிய தடியா ரெண்டு சுத்து சுத்துங்க. வேர்வய துணி குடிக்கும். நனைஞ்ச துணிய மணிக்கு ஒரு தரம் அவுத்து மாத்துங்க. ராத்திரி வறுத்த மணல உள்ள கொட்டி வெச்சா பூட்ஸும் காய்ஞ்சிடும். வேற வழி இல்ல."

அந்த ஐப்பசி முழுக்க அப்படித்தான் நடந்தது. மணிக்கு ஒரு தரம் மேஸ்திரி கரையோரக் கொட்டகையில் உட்கார்ந்து துணி மாற்றுவார். அவர் உட்கார்ந்திருக்கும்போது ஆட்கள் வேலை செய்தால் யார் மேற்பார்க்கிறது? ஆகவே நாங்களும் உட்காருவோம். என் ஆயுளில் மணிக்கு ஒரு தரம் ஓய்வு கொடுத்த வேலை அது ஒன்றுதான். நேரம் தாண்டினால் யாராவது ஒருவன் அக்கறையாக, "மேஸ்திரி, கால் இன்னா சொல்லுது?" என்று ஞாபகப்படுத்துவான்.

மாற்றிய துணிகள் கொட்டகையைச் சுற்றிக் கயிற்றில் தொங்கும். மஞ்சள் தூவுவதை அவர் விடவில்லை, எது நனைந்தது எது காய்ந்தது என்று நிறத்தைப் பார்த்தே சொல்லலாம் என்றார். ஒரு நாள் கொம்யூன் அதிகாரி ஒருவர் குடையோடு வந்து, மஞ்சளும் சிவப்புமாகப் பறந்ததைப் பார்த்து முறைத்தார்.

"எந்தக் கட்சிக் கொடி இது?"

"என் கால் கட்சிங்க" என்றார் மேஸ்திரி. "ரெண்டே பேர்தான் இருக்கோம்."

பிறகு அந்த மழை வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டி, நான்காம் நாள் காலை ஏரி கரைக்கு ஒரு முழம் கீழே நின்றது. கரைக்கு வெளிப்பக்கத்தில் ஓரிடத்தில் கலங்கல் நீர் கசிந்தது. வளை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் அடைக்க முடியாது. மேஸ்திரி பூட்ஸோடு தண்ணீரில் இறங்கினார். பத்தடி நடந்து நின்றார். இன்னும் பத்தடி. ரப்பர் சுவருக்குள் இருந்த காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. கரையேறி உட்கார்ந்தார். வலது பூட்ஸின் மேல்விளிம்பைப் பிடித்துக் கழற்ற ஆரம்பித்தார்.

யாரும் யாரையும் கேட்கவில்லை. நான் தண்ணீரில் குதித்தேன். எனக்குப் பின்னால் மற்ற பத்துப் பேரும் குதித்தார்கள். கரையோரம் வரிசையாக நின்றோம்.

"நீங்க போட்டுக்கினே கேளுங்க மேஸ்திரி. நாங்க சொல்றோம்" என்றேன்.

அவர் எங்களைப் பார்த்தார். பூட்ஸை மேலே இழுத்துக்கொண்டு எழுந்து, கரைமேல் ஒவ்வொருவனாகக் கடந்து நடந்தார்.

"உனக்கு இன்னா தெரியுது?"

"சில்லுன்னு இருக்கு மேஸ்திரி."

"மழையில எல்லாந்தான்டா சில்லுன்னு இருக்கும். இழுக்குதா?"

"இல்ல."

"அடுத்தவன்."

"இழுக்குது மேஸ்திரி."

"எந்தப் பக்கம்?"

"வூட்டுப் பக்கம்."

அந்த நிலையிலும் சிரித்தோம். ஏழாவதாக நின்றவன் நான். என் இடது காலின் சுண்டுவிரல் பக்கம், பூனைக்குட்டி வாயால் பிடித்ததுபோல் மெல்ல ஓர் இழுப்பு. சொன்னேன். "நகராத. குதிகால அழுத்து. இப்ப?" "நின்னுடுச்சு." "எடு." "இழுக்குது." மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். அது என் கால் இல்லை, அவருடைய கால் என்பதுபோல் முகம் இருந்தது. "அதான். வெக்கோலும் களிமண்ணும் கொண்டாங்க" என்றார். மத்தியானத்துக்குள் அடைத்துவிட்டோம். கரை நின்றது.

தை பிறந்ததும் பூட்ஸ் கழன்றது. கால் வெளுத்து, சுருக்கம் விழுந்து, முழுசாக இருந்தது. டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து, "இதே மாதிரி பாத்துக்கோன்னு சொல்லிட்டாரு" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். என்னிடம் இரண்டு முறை சொன்னார். வேலை முடிந்துவிட்டது. எனக்கு ஓரிடத்தில் தங்கும் புத்தி கிடையாது. யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, வடக்கே போய்த் திண்டிவனம் பக்கம் செங்கல் சூளையில் சேர்ந்தேன்.

அடுத்த புரட்டாசியில் சூளையில் நல்ல கூலி, கூரை ஒழுகாத இடம், வேளைக்குக் கஞ்சி எல்லாம் இருந்தது. தெற்கே மின்னுவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் காலையில் நடக்க ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் ஏரிக்கரையில் போய் நின்றேன்.

"இன்னாடா, இந்தப் பக்கம்?" என்றார் மேஸ்திரி.

அங்கே வேலை இல்லை, அதனால்தான் வந்தேன் என்றேன். அவர் நம்பியதாகவே காட்டிக்கொண்டார்.