கொதிமணலில் ஜில்லென்று ஒருவர்

ஒளிவதற்கென்றே பிறந்த ஓர் இனம் நம்மிடையே உண்டு. பந்தி பரிமாற ஆள் தேடும்போது தூணுக்குப் பின்னால் நின்று, மறுமுனையில் யாருமே இல்லாத கைபேசிக்கு 'உம்' கொட்டுபவர். வீடு மாற்றுகிற அன்று சாவிக்கொத்தை மட்டும் படு பொறுப்பாகச் சுமப்பவர். கேஸ் சிலிண்டரைத் தூக்கச் சொன்னால் உடனே கழிவறை அவசரம் வந்துவிடுபவர். தங்களை யாரும் பார்க்கவில்லை என்று இவர்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. யாரைச் சொல்கிறேன் என்று தெரியாதா உங்களுக்கு?

இந்த இனத்தின் திலகம் கடலூர் அன்பரசு. மற்றவர்கள் சும்மா ஒளிந்தார்கள். இவர் அதில் முனைவர் பட்டமே வாங்கக் கிளம்பினார். சிதம்பரத்தில் ஆராய்ச்சி. போர்த்திக்கொண்டால் கண்ணுக்கும் தெரியக் கூடாது, உடம்புச் சூட்டை வைத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் வெப்பக் கேமராவுக்கும் தெரியக் கூடாது, அப்படி ஒரு துணி. ஆறு வருஷமாகியும் முடியவில்லை. "இன்னும் முடிக்கலியா மாப்ள?" என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு, விசேஷ வீடு என்றாலே அவர் முதலில் தூணைத் தேடிப் போய்விடுவார். அடுத்த வாரம் குறிஞ்சிப்பாடியில் மனைவி ஜான்சியின் தம்பிக்குக் கல்யாணம். அதற்குள் துணி தேறிவிட்டால் தலைநிமிர்ந்து போகலாம்.

2009, அக்னி நட்சத்திரம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் உச்சிவெயிலில் சோதனை. வழிகாட்டிப் பேராசிரியர் தட்சிணாமூர்த்தி கேமராவோடு வந்தார். ஜான்சி சாப்பாட்டுக் கேரியரோடு. மணல் நிறத் துணியைப் போர்த்திப் படுத்தார் அன்பரசு. பேராசிரியர் வெறுங்கண்ணால் தேடினார். ஆளைக் காணோம். வெயிலை அப்படியே திருப்பி அனுப்பும் பூச்சு என்பதால் உள்ளே ஜில்லென்று இருந்தது. கடலூரிலேயே இப்போது வேர்க்காத ஒரே மனிதன் நான்தான் என்று பூரித்துக் கிடந்தார்.

பேராசிரியர் கேமராவைத் திருப்பினார். "எழுந்து வாப்பா. மணலெல்லாம் கொதிக்குது, நீ மட்டும் ஜில்லுனு கெடக்குற. கேமராவுல ஆள் நீளத்துக்குக் கறுப்பாத் தெரியிற."

ஜான்சி எட்டிப் பார்த்தாள். "இதுக்கெதுக்கு சார் கேமரா? எல்லாரும் வேர்த்து ஊத்துற எடத்துல ஒருத்தர் மட்டும் சட்டை கசங்காம நின்னா, அவருதான மொதல்ல தெரிவாரு?"

அன்பரசுவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. சுற்றி இருக்கும் சூடுதான் தனக்கும் இருக்க வேண்டும் என்பது அவர் துறையின் அரிச்சுவடி. துணியிலும் கோட்டைவிட்டார், தூணிலும் கோட்டைவிட்டார். இன்னும் ஒரு வருஷம் உழைக்கச் சொல்லிவிட்டார் பேராசிரியர்.

கல்யாணத்தன்று வேறு வழியில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்ட, வரிசை வரிசையாக ஓடினார். கேள்வி கேட்பதில் பேர்போன பெரிய மாமனார் லூர்துசாமி இலையிலிருந்து நிமிர்ந்து நேருக்கு நேர் பார்த்தார். 'இன்னும் முடிக்கலியா' வரப்போகிறது என்று அன்பரசு கரண்டியை வாளிக்குள் விட்டார்.

"தம்பி, இங்க கொஞ்சம் ஊத்து" என்றவர், பக்கத்து இலைக்காரரிடம் திரும்பினார். "நம்ம அன்பரசு எங்க? எந்தத் தூணுக்குப் பின்னாடி நிக்கிறானோ."

நீங்கள் அந்த இனமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், மின்விசிறிக்கு நேர் கீழே காலை நீட்டிப் படிப்பவரானால் ஒருமுறை தலையைத் தூக்கிப் பாருங்கள். நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் பரண் சுத்தம் நடந்துகொண்டிருந்தது. உங்கள் வீட்டில் இப்போது என்ன நடக்கிறது?