மன்சுக்பாயின் கன்னமும் எங்கள் ஒற்றுமையும்

உலகில் ஒற்றுமை என்பதைக் கண்டுபிடித்தவர்கள் சௌராஷ்டிரத்தில், எங்கள் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவினர்தாம். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

தலைமை எழுத்தர் மன்சுக்பாயின் இடது கன்னத்துக்குள் புண் வந்தபோது அவரை நாங்கள் தனியே தவிக்க விடவில்லை. முறை வைத்து, புகையிலையும் பாக்கும் கலந்த மாவா வாங்கிக் கொடுத்தோம்.

"வாய் முழுசாத் திறக்க மாட்டேங்குது, பாய்" என்றார்.

"எதுக்குத் திறக்கணும்? நீங்க பேசி இங்க யாரு கேட்டிருக்கா?" என்று தைரியம் சொன்னார் பக்கத்து மேசை ரமணிக்பாய்.

விஷயம் அதிகாரி வரை போனது. 'ஊழியர் நலன்' குறித்து அவசரக் கூட்டம் கூட்டினார். 'புண்' என்ற சொல் பீதி கிளப்புவதால், இனி அதை 'வாய்ச்சூடு' என்றே குறிப்பிட வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்துப் பேச யாராலும் முடியவில்லை. எல்லார் வாயிலும் மாவா.

ஆஸ்பத்திரிக்குப் போக மன்சுக்பாய் விடுப்புக் கேட்டார். "மந்திரி வந்துட்டுப் போகட்டும்" என்றார் அதிகாரி. மந்திரி வர நான்கு மாதம் ஆயிற்று.

இடையில் அவர் மனைவி இலாபேன் எனக்குப் போன் செய்தார். "கிரித்பாய், நிஜத்தைச் சொல்லுங்க. அவர் இன்னும் போடறாரா?"

"ஐயோ அண்ணி! விட்டு ஒரு மாசமாச்சு. வெந்நீர்ல கொப்புளிக்கச் சொல்லுங்க, சரியாயிடும்" என்றேன், அவருக்கான பொட்டலத்தை மறு கையால் கசக்கியபடியே. ஒரு குடும்பத்தின் நிம்மதியைக் காப்பது நண்பனின் கடமையல்லவா?

கடைசியில் இலாபேனே அவரை இழுத்துக்கொண்டு போனார். பாதித் தாடையோடு புற்றுநோய்க் கட்டியை எடுத்தார்கள். 'ஆறுதல் குழு'வின் சார்பில் நான் ஆரஞ்சுப் பழங்களுடன் போனேன். மன்சுக்பாய் மூக்கில் குழாயோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். டாக்டர் நஃபீசா, இலாபேனிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"கட்டி தனியா வளராதும்மா. பக்கத்துல இருக்கற நல்ல அணுக்களையே கைக்குள்ள போட்டுக்கும். ஒண்ணு ரத்தக்குழாய் போட்டு அதுக்குச் சாப்பாடு கொடுக்கும். ஒண்ணு சுத்திச் சுவர் எழுப்பும். எதிர்த்துச் சண்டை போட வர்ற அணுவைக்கூட, 'பயப்படாதே, ஒண்ணுமில்ல'ன்னு தூங்க வெச்சிடும்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. என்ன ஒத்துழைப்பு! ஒரு சுற்றறிக்கைகூட இல்லாமல்!

"அப்படியே எங்க ஆபீஸ் மாதிரி, டாக்டர்!" என்றேன் பெருமையுடன்.

இலாபேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் திரும்பினார்.

"எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே டாக்டர்... இது இன்னும் இங்கேயே நிக்குதே?"