அரசுடைமையான துகள்

கண்ணின் முன்பகுதியைப் படம் பிடிக்கும் மூன்று கருவிகளில் எது சிறந்தது என்று ஆராய்ந்து சொல்ல, அரசுக் கண் மருத்துவமனையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. கருவிகள் வந்தன. குழுவுக்குக் குஷன் வைத்த நாற்காலிகள் வந்தன. ஒப்பிடத் தோதான கண்தான் வரவில்லை.

அந்த நல்ல வேளையில் வெல்டர் ஒருவர் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். கருவிழியில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தது. டியூட்டி டாக்டர் அதை எடுக்கப் போனார். குழுத் தலைவர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எடுத்துட்டா எதை வெச்சு ஒப்பிடறது? மூணு கருவியும் ஒரே அளவு சொல்லட்டும், அப்புறம் எடுங்க.”

“துருப்பிடிச்சா பார்வை மங்கிடும் சார்.”

“அதைப் பின்னிணைப்புல சேத்துக்கலாம்.”

அந்த நிமிடம் முதல் துகள் அரசுடைமை ஆயிற்று. அதைச் சுமக்கும் பொறுப்பு மட்டும் வெல்டருடையது.

கீற்று வெளிச்சத்தில் எடுத்த முதல் படம் கடுகளவு என்றது. கருவிழியைக் குறுக்கே வெட்டினாற்போல் காட்டும் இரண்டாவது கருவி எள்ளளவு என்றது. குழு கடுகுக் கட்சி, எள்ளுக் கட்சி என்று இரண்டாக உடைந்தது.

“ஐயா, கண்ணு எரியுது,” என்றார் வெல்டர்.

“இருக்கட்டும். நீங்க எந்தக் கட்சி?” என்றார் எள்ளுக்காரர்.

மூன்றாவது கருவி ஒலியலையால் பார்ப்பது. கண்மேல் சிறு கிண்ணம் பொருத்தி நீர் ஊற்றினால்தான் அதற்குக் கண் தெரியும். ஊற்றினார்கள். கிண்ணத்தை எடுத்தபோது நீரோடு துகளும் வந்துவிட்டது.

“அப்பாடா,” என்றார் வெல்டர்.

“என்னய்யா அப்பாடா? ஆய்வே போச்சு. ஒரு அஞ்சு நிமிஷம் திரும்ப வெச்சுக்கிறீங்களா?” என்று தலைவர் கெஞ்சினார்.

வெல்டர் மசியவில்லை. போனால் போகிறது என்று, வெறும் கண்ணையே மூன்றிலும் படம் பிடித்தார்கள். மூன்றும் ‘ஒன்றுமில்லை’ என்றன. இப்படியொரு ஒற்றுமையைக் குழு அதுவரை கண்டதில்லை. மூன்றும் சம துல்லியம் உடையவை, ஆகவே மூன்றையும் வாங்கலாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

வெல்டர் மூன்று படங்களோடு வெளியே வந்தார்.

“கண்ணு தெரியுதா?” என்று பதறினாள் மனைவி.

“நல்லா தெரியுது. தண்ணி பட்டதும் போயிடுச்சு. அதை விடு, படத்தைப் பாரு.”

வெளியே டாக்டருக்காகக் காத்திருந்த வரிசையில் முதலில் இருந்த அம்மாளுக்குக் கண்ணில் தூசி. கழுவிவிடுகிறேன் வாங்க என்றார் டாக்டர்.

“வெறும் தண்ணியா? நான் என்ன இளிச்சவாயா? அவருக்கு எடுத்த மூணும் எனக்கும் வேணும்.”

வரிசை மொத்தமும் அதையே சொன்னது. டாக்டர் தண்ணீரும் கையுமாக நின்றார்.

இப்போது வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. எனக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. இருந்தாலும் நிற்கிறேன். நடுவில் யாராவது புகுந்தால் நடப்பதே வேறு.