மெலிந்த கரடி

கரடியின் தலை சட்டைக்குள் நுழைந்துவிட்டது. வயிறுதான் நுழையவில்லை.

மெதுவண்ணன் சட்டையைக் கீழே இழுத்துப் பார்த்தார். தொப்புளுக்கு மேலேயே நின்றுகொண்டது. வலது கை மணிக்கட்டுக்குச் சற்று முன்னால் முடிந்தது. இடது கை முழங்கையோடு சரி. அங்கே ஒரு நூல் வேறு அவிழ்ந்து தொங்கியது. நீலக் கம்பளி, நெஞ்சில் சிவப்புப் பட்டை. நேற்று வரை இடுப்புக்குக் கீழே தொங்கிய சட்டை.

"மாமா, மாமா..." என்று பல்லைக் கடித்தார். மாமனார் அங்கே இல்லை. வீட்டில், வாஷிங் மெஷினோடு இருந்தார்.

கரடி ஒரு சாண் உயரப் பொம்மை. குழந்தைகள் தொலைக்காட்சியில் வரும் காட்டு விலங்குத் தொடருக்கு அதுதான் கதாநாயகன். அதை அசைப்பது மெதுவண்ணனின் வேலை. எள்ளளவு அசைத்து ஒரு படம், இன்னும் எள்ளளவு அசைத்து இன்னொரு படம். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் கரடி நடக்கும். காலையில் தேன் குடத்தை நோக்கிக் கையை நீட்டிய கரடி சாயங்காலத்துக்குள் அதைத் தொட்டுவிட்டால் நல்ல நாள். இந்த வேலை ஊறிப்போய், மனிதர் தும்முவதானாலும் யோசித்துத்தான் தும்முவார். அந்தப் பெயரை வைத்தது அவர் மனைவி. ஸ்டூடியோ முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

சட்டையைப் பின்னியதும் மனைவிதான். காட்டிலிருந்த அத்தனை பேருக்கும் அவள் துணிதான். துணி தைத்துக்கொண்டே இயக்குநரோடு சண்டையும் போடுவாள்.

"கரடிக்கு ஒரு குட்டி வேணும் சார். பாவம், தனியாவே உக்காந்து தேன் சாப்பிடுது."

"அதுக்குக் கல்யாணமே ஆகலையேம்மா. குட்டிக்கு நான் எங்க போவேன்?"

"நரி பேசுது, ஆந்தை கண்ணாடி போடுது. அதெல்லாம் நம்புவாங்க, குட்டிதான் இடிக்குதா?"

இந்தச் சண்டை முடியவே இல்லை. அவள்தான் போன வருடம் கண்ணை மூடிவிட்டாள்.

இன்று சேனல் அம்மா வருகிறார், தொடரை வாங்கி ஒளிபரப்புகிறவர். மேஜையில் ஒரு அட்டைப்பெட்டி அவருக்காகக் காத்திருந்தது. உள்ளே பளபளவென்று ஒரு மஞ்சள் ஜாக்கெட், ஜிப் வைத்தது. பொம்மைக் கடைகளில் அதுதான் விற்குமாம். "பழைய சட்டை நல்லா இருந்தா அதுவே இருக்கட்டும். நைஞ்சு போயிருந்தா மாத்திடுவோம்" என்று சொல்லியிருந்தார்.

நேற்று சட்டையில் பசை கொட்டியது. மெதுவண்ணன் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மாமனாரிடம் கொடுத்தார். மனைவி போன பிறகு அந்த வீட்டில் இரண்டு ஆண்கள்தான். ஒருவர் சமையல், ஒருவர் துவையல்.

"பச்சைத் தண்ணி மாமா. கையால. மெஷின்ல போட்டுடாதீங்க."

மாமா தலையாட்டினார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். தலை நன்றாக ஆடும்.

காலையில் சாப்பாட்டு மேஜைமேல் சட்டை மடித்து வைத்திருந்தது. மாமா நடக்கப் போயிருந்தார். அப்படியே பைக்குள் திணித்துக்கொண்டு வந்தவர் இங்கேதான் பிரித்துப் பார்க்கிறார். ஒரே ராத்திரியில் மொறமொறவென்று காய்ந்திருந்தது. மெஷின்தான், சந்தேகமே இல்லை. அந்துருண்டை நாற்றம் வேறு. சோப்பென்று எதைப் போட்டாரோ.

உடைகளைக் கவனிக்கும் பெண் எட்டிப் பார்த்தாள். "என்னண்ணா, சுருங்கிடுச்சா? குடுங்க, மத்தியானத்துக்குள்ள இதே மாதிரி புதுசு பின்னிடறேன். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றார் மெதுவண்ணன்.

கரடியைக் குப்புறப் போட்டு முதுகுத் தையலைப் பிரித்தார். வயிற்றுப் பஞ்சை உருவினார். சட்டை இறங்கியது. தொங்கிய நூலைக் கத்தரித்தார். இடது கைக்குச் சட்டை போதாத இடத்தில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டுப் போட்டார்.

அலைபேசி அடித்தது. மாமா.

"மாப்ளே, அந்தச் சட்டை..."

"பரவாயில்ல மாமா. எனக்குக் கோவம் இல்ல."

"என்னது?"

"கோவம் இல்லன்னேன்!" என்று கோபமாகக் கத்திவிட்டு வைத்தார்.

கேமராக்காரர் லென்ஸ் வழியே பார்த்துவிட்டுக் கன்னத்தைச் சொறிந்தார். "அண்ணே, பக்கத்துல நரி நிக்குதுல்ல? இப்ப நரிதான் கரடி மாதிரி இருக்கு."

நரியின் பஞ்சும் வெளியே வந்தது. உடனே முயல் தடியாகத் தெரிந்தது. முயலை இளைக்க வைத்ததும் அணில் பயில்வானாகிவிட்டது. ஆந்தையில் கொஞ்சம்தான் எடுத்தார். அதற்கே கழுத்து தொங்கி, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்து, யாருக்கோ துக்கம் விசாரிக்க வந்ததுபோல் நின்றது.

அலைபேசி மறுபடி அடித்தது. வெட்டினார். மறுபடி. வெட்டினார்.

உருவிய பஞ்சு மலைபோல் குவிந்துவிட்டது. வராந்தாவில் இயக்குநரின் செருப்புச் சத்தம். கேமராக்காரர் அத்தனையையும் அள்ளி மரங்களுக்கு அடியில் தூவிவிட்டார்.

இயக்குநர் நெடுநேரம் பார்த்தார்.

"என்னய்யா இது, காட்டுல பஞ்சமா?"

"பஞ்சுதான் சார் கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்றார் மெதுவண்ணன்.

"இது தேன் விருந்து. விருந்துக்கு வந்தவங்களப் பாத்தா, ஆஸ்பத்திரியில இருந்து நேரா வந்த மாதிரி இருக்கே."

"காய்ச்சல்னு வச்சுக்கலாம் சார்."

"எல்லாருக்குமா?"

"கரடிகிட்டருந்து தொத்திக்கிச்சு."

"கையில கட்டு எதுக்கு?"

"காய்ச்சல்ல மயங்கி விழுந்துட்டார்."

"கீழ வெள்ளையா என்ன கிடக்கு?"

"பனி சார்" என்றார் கேமராக்காரர்.

"வசந்தகாலம்யா இது!"

"வசந்தகாலத்துல பனி பெஞ்சா காய்ச்சல் வரத்தானே சார் செய்யும்?"

இயக்குநர் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது சேனல் அம்மா உள்ளே வந்துவிட்டார். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் காட்டைச் சுற்றி வந்தார். கரடி முன்னால் நின்றார்.

"இதப் பாத்தா குழந்தைங்க சிரிக்காது. அழும்."

மேஜையிலிருந்த அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டார்.

"சட்டை சுருங்கி, கரடியும் சேந்து சுருங்கிடுச்சு. இந்த ஜாக்கெட்டைப் போட்டாதான் கொஞ்சம் உடம்பு வந்த மாதிரி தெரியும்." பெட்டியைத் திறந்து ஜிப்பை இழுத்துப் பார்த்தார். சர்ரென்று இறங்கியது. கரடியின் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

மெதுவண்ணனின் கை குறுக்கே வந்து கரடியை மூடிக்கொண்டது. அந்தக் கை அத்தனை வேகமாக நகர்ந்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

"வேணாம் மேடம். இதுதான் அதோட சட்டை."

"ஏங்க, அளவே பொருந்தல. ஒரு கை பாதிகூட இல்ல. இதையா கட்டிக்கிட்டு அழுவீங்க?"

"சுருங்கினது எங்க வீட்டுத் தப்பு மேடம். கரடியோட தப்பு இல்ல. அவ பின்னினதுல இது ஒண்ணுதான் இன்னும் முழுசா இருக்கு." சொன்ன பிறகுதான், அது முழுசாக இல்லை என்பது அவருக்கு உறைத்தது. கையை மட்டும் எடுக்கவில்லை.

கதவு திறந்தது. மாமா. ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் ஈரம் படிந்த ஒரு பிளாஸ்டிக் உறை. மூச்சு வாங்கியது.

"ஏன் மாப்ளே, எத்தனை தடவை கூப்பிடறது? கட் பண்ணிக்கிட்டே இருக்கீங்க!"

"வேலைல இருந்தேன் மாமா" என்றார் மெதுவண்ணன், ஊருக்கே கேட்கிற குரலில். "சட்டையப் பத்தித்தானே? சுருங்கிடுச்சு. விடுங்க."

"எது சுருங்குச்சு?"

மாமா ஒல்லிக் கரடியைப் பார்த்தார். நரியை, அணிலை, துக்கம் விசாரிக்கும் ஆந்தையைப் பார்த்தார். பிறகு உறைக்குள் கையை விட்டு ஒரு நீலச் சட்டையை எடுத்து உதறினார். ஈரம். நெஞ்சில் சிவப்புப் பட்டை. கரடியின் இடுப்புக்குக் கீழே வரும் நீளம்.

"இது கையால துவைச்சு, விடிய விடியக் கொடியில கிடந்தது மாப்ளே. நீங்க தூக்கிட்டு வந்தது வேற சட்டை, பட்டன் தேடறப்ப அவ கம்பளிப் பையில கிடைச்சுது, உங்ககிட்ட காட்டலாம்னு மேஜைல வச்சேன் — கரடிக்குக் குட்டி வந்தா போடறதுக்குன்னு பின்னிக்கிட்டு இருந்தா, ஒரு கை பாக்கி."